உவரி மணலில் ஏன் மூன்று நிறம்?

வள்ளியூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உவரி சுயம்புலிங்கசுவாமி கோயிலுக்குப் போனபோது கடற்கரையில் ஓரிடத்தில் மணல் சிவப்பாகவும், பக்கத்திலேயே கன்னங்கரேல் என்றும், நாலு எட்டு தள்ளி சாதாரண வெளிர் மணலாகவும் கிடந்ததாம். "ஒரே கடல், ஒரே கரை. ஏன் இப்படி? கனிமம் கனிமம் என்கிறார்களே, அது மணலா, கல்லா? அதை வைத்து என்ன செய்வார்கள்?" என்பது கேள்வி.

சுண்ணாம்புக்கல் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் பதில் சுண்ணாம்புப் பக்கம் கொஞ்சம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் வீட்டு அம்மியைப் பார்த்துவிடுவோம்.

அம்மி கொத்திய அன்றைக்கு, அரைப்பதற்கு முன்னால், வெயிலில் வைத்துக் கிட்டே பாருங்கள். கல் ஒரே நிறமாக இருக்காது. உடைந்த கண்ணாடி மாதிரி மங்கலாக மின்னும் பொட்டுகள் குவார்ட்ஸ். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகம் காட்டிப் பளபளப்பவை ஃபெல்ட்ஸ்பார். ஊசிமுனை அளவில் கருப்பாக ஜொலிப்பது பெரும்பாலும் மைக்கா. நம் ஆட்கள் காக்காப்பொன் என்று சொல்வது இந்த மைக்கா வகையைத்தான். அம்மி ஒரு பாறை. அதற்குள் இருக்கிற இந்த மூன்றும் கனிமங்கள். கடையில் வாங்கும் மிக்சரைப் பாறை என்று வைத்துக்கொண்டால், அதில் கிடக்கிற கடலையும் பூந்தியும் ஓமப்பொடியும் கனிமங்கள். கைக்கு வரும் மிக்சரில் கடலை கூடலாம் குறையலாம், ஆனால் கடலை கடலைதான். உலகில் இதுவரை ஏறத்தாழ 6,000 கனிமங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆனால் காலடியில் கிடக்கும் பாறைகளில் பெரும்பகுதியை ஆக்கியிருப்பவை பத்துப் பதினைந்து வகைகளே.

கனிமம் என்று சொல்ல வேண்டுமென்றால் அது இயற்கையில் தானாக உண்டாகியிருக்க வேண்டும், திடமாக இருக்க வேண்டும், உயிரினத்தின் வேலையாக இருக்கக் கூடாது, வேதிச் சேர்மானம் ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும். விஷயம் இருப்பது ஐந்தாவது நிபந்தனையில்: உள்ளே அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுக்கு என்றால் என்ன என்பதற்கு உடன்குடிப் பக்கம் போனால் போதும். ஒரே பதநீர். அதைக் கெட்டியாகக் காய்ச்சிக் கிண்டிச் சிரட்டையில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் கருப்பட்டி. பதத்தை முன்னாலேயே நிறுத்தி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவிட்டால் பனங்கற்கண்டு. இனிப்புச் சரக்கு இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் கற்கண்டு விளிம்பும் முகமுமாக நிற்கிறது, கருப்பட்டி உடைத்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. அவசரமாக இறுகியதற்கு அடுக்கிக்கொள்ள நேரமில்லை, மெதுவாக விளைந்ததற்கு நேரம் இருந்தது. பூமிக்குள்ளும் இதே கதைதான். மேலே வந்து சட்டென்று ஆறிய எரிமலைக் குழம்பில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள். ஆழத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல ஆறியதில் விரல் நீளப் படிகங்கள். இன்னும் அவசரமாக இறுகினால் அடுக்கே இல்லாமல் போகும், அதுதான் கண்ணாடி. எரிமலைக் கண்ணாடி இயற்கையானதுதான், ஆனாலும் அடுக்கு இல்லாததால் கனிமப் பட்டியலில் இடமில்லை. (நம் ஊர் அல்வாவையும் இந்தக் கணக்கில் கண்ணாடிப் பக்கம்தான் சேர்க்க வேண்டும். சீனி அடுக்கிக்கொண்டால் அல்வா கெட்டுப்போச்சு என்று அர்த்தம்.)

இந்த நிபந்தனைகளில் கொற்கை முத்து தோற்றுவிடும். அதில் இருப்பது அரகோனைட் என்ற கனிமத்தின் மெல்லிய தகடுகள்தான், ஆனால் அடுக்கியது சிப்பி. அதனால் முத்தைக் கனிமம் என்று கறாராகச் சொல்ல முடியாது. பவளத்துக்கும் அதே கதி.

சரி, அடுக்கைக் கண்ணால் பார்க்க முடியுமா? தூத்துக்குடிக் கல் உப்பில் பெரிய கல்லாக ஒன்றை எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து, நகைக்கடையில் பயன்படுத்துகிற 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். மூலைகள் நேர்க்கோணம். சில கற்களின் முகத்தில் தெப்பக்குளத்துப் படி மாதிரி உள்ளே இறங்கும் சதுரப் படிகள் இருக்கும். விளிம்பு வேகமாகவும் நடு மெதுவாகவும் வளர்ந்ததன் அடையாளம் அது. இப்போது கத்தி முனையை ஒரு முகத்துக்கு இணையாக வைத்து மேலே லேசாகத் தட்டுங்கள். கல் கண்டபடி நொறுங்காது, சின்னச் சதுரங்களாகப் பிளக்கும். அதை மறுபடி தட்டினால் இன்னும் சின்னச் சதுரங்கள். உள்ளே ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம், மேல் கீழ் இடம் வலம் முன் பின் என்று நிற்கின்றன. பிளவு அந்த வரிசைகளுக்கு நடுவேதான் ஓடும். கண்ணுக்குத் தெரியாத அடுக்கு கத்திக்குத் தெரிகிறது.

உப்பளத்தில் இன்னொரு பாடமும் உண்டு. கடல் தண்ணீர் பாத்தியில் வற்ற வற்ற எல்லா உப்பும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. போமே மானியில், அதாவது உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்கிற கருவியில், தண்ணீர் சுமார் 3 டிகிரி காட்டும்போது பாத்திக்குள் வருகிறது. வற்றுகையில் முதலில் கொஞ்சம் சுண்ணாம்பு படியும். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரி வந்த பிறகுதான் சாப்பாட்டு உப்பு. 30-ஐத் தாண்ட விட்டால் மக்னீசியக் கசப்பு ஏறிவிடும், அதற்குள் உப்பை வாரிவிட வேண்டும். உப்பு விளைகிற பாத்திக்கு முந்தின பாத்திகளின் தரையில் இருந்து சுரண்டி எடுக்கிற அந்த ஜிப்சம் குப்பைக்குப் போவதில்லை, சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. அது ஏன் என்று சொல்லத்தான் என் சுண்ணாம்புக்கு வர வேண்டியிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், குவாரியில் இருந்து மாதிரி எடுத்து வா என்று அனுப்பினார்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்த கல்லாகப் பார்த்து ஒரு சாக்கு கட்டிக் கொண்டுவந்தேன். மேஸ்திரி ஒரு கல்லின் மேல் நீர்த்த அமிலத்தை இரண்டு சொட்டு விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கல்லிலும் அப்படியே. "வெள்ளையா இருந்தா சுண்ணாம்பாவே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் சுமந்து வந்தது அத்தனையும் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். சுண்ணாம்புக்கல்லாக இருந்திருந்தால் சொட்டு விழுந்ததும் சோடா மாதிரி பொங்கியிருக்கும். அன்றைக்குத் தெரிந்துகொண்டது: கனிமத்தின் நிறத்தைப் போல ஏமாற்றுவது வேறில்லை. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம், கொரண்டம். துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். விலை மட்டும் வேறு வேறு.

ஏமாறாமல் இருக்கக் கீறிப் பார்க்க வேண்டும். 1812-ல் ஃப்ரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்த கடினத்தன்மை வரிசையில் மாக்கல்லில் இருக்கும் டால்க் 1, வைரம் 10. நம் நகம் சுமார் 2.5, ஜன்னல் கண்ணாடி சுமார் 5.5. ஜிப்சம் 2, அதனால் நகத்தில் கீறும். சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் 3, நகத்தில் கீறாது, கத்தியில் கீறும். குவார்ட்ஸ் 7, அது கண்ணாடியையே கீறிவிடும். ஒரு பழைய கண்ணாடித் துண்டும் எலுமிச்சம்பழமும் இருந்தால் வெங்கச்சங்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம். எலுமிச்சைச் சாறு ஆய்வுக்கூட அமிலம் அளவுக்குப் பொங்க வைக்காது. கல்லைக் கொஞ்சம் சுரண்டிப் பொடியில் விட்டு, காதருகே வைத்தால் சுர்ரென்று கேட்கும். வீட்டுக் கோலப்பொடியில் விட்டும் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் பொடி, சும்மா கிடந்தால் வேறு கல்.

கால்சைட்டை 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோதான், மீதி 44 கிலோ புகையோடு போயிற்று. மிஞ்சிய சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், போன கரியமில வாயுவைக் காற்றில் இருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடியும் கால்சைட் ஆகும். கல்லை உடைத்து, சுட்டு, குழைத்து, சுவரில் திரும்பக் கல்லாக்குகிறோம். தாத்தாவின் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தால் மேலே மெல்லிய ஏடு படர்ந்திருக்குமே, அதுவும் கால்சைட்தான்.

சிமெண்ட் இதன் அடுத்த படி. தாழையூத்தில் 1949-ல் ஆலை ஓடத் தொடங்கியதற்குக் காரணம் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல். அதோடு களிமண் சேர்த்து அரைத்து 1,450 டிகிரிக்குச் சுட்டால், தண்ணீர் பட்டால் இறுகும் புதுச் சேர்மங்கள் உண்டாகும். கிளிங்கர் என்று பெயர். அதை அப்படியே அரைத்துத் தண்ணீர் ஊற்றினால் கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் இறுகிவிடும். அதைத் தாமதப்படுத்துவதற்காக 100-க்கு 3 முதல் 5 பங்கு ஜிப்சம் சேர்ப்பார்கள். உப்பளத்தின் ஜிப்சம் வேலைக்கு வருவது இங்கேதான். தூத்துக்குடிப் பாத்தித் தரையும் உங்கள் வீட்டுத் தார்சும் சொந்தக்காரர்கள்.

சுண்ணாம்பை இதோடு விடுகிறேன், விட்டால் பேசிக்கொண்டே இருப்பேன். பூமியின் மேலோட்டில் பெரும்பகுதி சிலிக்கேட் வகைக் கனிமங்கள். அவற்றின் செங்கல் ஒன்றே ஒன்றுதான். மூன்று தேங்காயை ஒட்டி வைத்து, நாலாவதை மேலே ஏற்றுங்கள். நடுவில் கிடைக்கிற சந்தில் ஒரு எலுமிச்சம்பழம். தேங்காய்கள் ஆக்சிஜன், எலுமிச்சை சிலிக்கான். இந்தக் கூம்பு எப்படிக் கை கோக்கிறது என்பதில்தான் கனிமத்துக்குக் கனிமம் குணம் மாறுகிறது.

எல்லா மூலையும் பக்கத்துக் கூம்போடு கோத்து, எட்டுத் திக்கும் வலையாகப் பரவினால் குவார்ட்ஸ். பலவீனமான திசையே கிடையாது, அதனால் சீராகப் பிளக்காது, சோடா பாட்டில் உடைவது போல வளைந்து உடையும். சின்ன வயதில் கரண்ட் போன ராத்திரிகளில் இரண்டு வெங்கச்சங்கல்லை உரசி வெளிச்சம் வர வைத்திருப்பீர்களே? கல்லுக்குள்ளேயே மஞ்சளாக ஒரு மினுக்கு, கூடவே ஒரு கருகல் வாடை. குவார்ட்ஸை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னேற்றம் உண்டாகும், மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிரும்படி வெட்டப்பட்டது. அந்த எண்ணை 15 தடவை பாதியாக்கினால் சரியாக 1 வரும். விநாடி முள் நகர்வது அப்படித்தான்.

கூம்புகள் தரையில் விரித்த பாய் போல ஒரே தளத்தில் கோத்துக்கொண்டால் மைக்கா. பாய்க்கும் பாய்க்கும் நடுவே பிடிப்பு குறைவு, நகத்தால் ஏடு ஏடாக உரிக்கலாம். சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாது. பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தால் கம்பிச்சுருளைச் சுற்றி இந்த ஏடு இருக்கும்.

களிமண்ணும் பாய் அடுக்குதான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் பாய்களுக்கு நடுவே தண்ணீரை உள்ளே விடும். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி ஆட்டுக்குட்டி கால் மாட்டுகிற அளவுக்கு வெடிப்பு விடும். கரிசலில் கட்டிய சுவர் கீறுவதற்குக் கொத்தனாரை மட்டும் திட்டிப் பயனில்லை. காருக்குறிச்சிச் சட்டி பானைக்கு எடுக்கிற குளத்து மண்ணில் ஈரம் இருக்கும்வரை பாய்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும், அதனால்தான் சக்கரத்தில் விரலுக்கு வளைகிறது. சூளையில் 500, 600 டிகிரி தாண்டும்போது அடுக்குக்குள் கட்டுண்ட நீரும் போய்விடும், பழைய அடுக்கு குலைந்துவிடும். அப்புறம் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் பானை மண்ணாகாது.

கூம்புகள் ஒன்றோடொன்று கை கோக்காமல் தனித்தனியாக நின்று, நடுவே இரும்பும் அலுமினியமும் இறுக்கிப் பிடித்தால் கார்னெட். நவரத்தினத்தில் கோமேதகம் என்று விற்பது இந்தக் குடும்பத்தில் ஒரு வகை. உவரியின் சிவப்பும் இதே குடும்பம்தான். இப்போது கடற்கரைக்குப் போவோம்.

மேற்கே மலையில் இருப்பவை பெரும்பாலும் சார்னோகைட், கோண்டலைட் போன்ற, ஆழத்தில் வெந்து உருமாறிய பழைய பாறைகள். கார்னெட்டும் சில்லிமனைட்டும் கோண்டலைட்டின் உடன்பிறப்பு. பாறை வெயிலிலும் மழையிலும் உளுத்துப்போகும்போது ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ், கார்னெட், இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் போன்ற பிடிவாதக்காரர்கள் மட்டும் தாமிரபரணி, நம்பியாறு, கருமேனியாறு என்று உருண்டு கடலுக்கு வருகிறார்கள். கடல் அவர்களைக் கரைக்குத் திருப்பித் தள்ளுகிறது.

தள்ளும்போது பிரிக்கவும் செய்கிறது. எங்கள் அம்மா அரிசி அரிக்கும்போது ஒரு சட்டியில் இருந்து இன்னொன்றுக்கு அலசி அலசி ஊற்றுவாள். அரிசி தண்ணீரோடு போய்விடும், கல் அடியில் தங்கிவிடும். "ஏல, கடைசிப் பிடிய சட்டியிலயே விட்டுரு" என்பாள். அலையும் அதைத்தான் செய்கிறது. தண்ணீரைப் போல குவார்ட்ஸ் 2.65 மடங்கு கனம், கார்னெட் 4 மடங்கு வாக்கில், இல்மனைட் 4.7 மடங்கு வாக்கில். திரும்புகிற அலை வெளிர் குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு போகிறது, கனமானவை கரையில் தங்குகின்றன. கனத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருப்பதால் கருப்பு ஓர் இடத்திலும் சிவப்பு ஓர் இடத்திலும் ஒதுங்குகிறது. தம்பி பார்த்தது அம்மா சட்டியின் கடைசிப் பிடி.

இந்தச் சிவப்பைத் தேரிச் சிவப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சாத்தான்குளம், குதிரைமொழித் தேரி மணல் உள்ளுக்குள் குவார்ட்ஸ்தான், மேலே இரும்பு ஆக்சைடு பூச்சு. கையில் தேய்த்தால் காவி ஒட்டும். உவரிச் சிவப்பு ஒட்டாது, மணி முழுக்க அதே நிறம்.

பயனுக்கு வருவோம். கார்னெட் கடினம், பிளவுத் தளம் இல்லை, உடைந்தால் கூர்விளிம்பு, கனமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் உப்புத்தாள் வகைகளிலும், தண்ணீரை ஊசி போலப் பீய்ச்சி இரும்புத் தகடு வெட்டுகிற இயந்திரங்களிலும் அது போகிறது. சிர்கான் பீங்கான் மெருகுக்கும் வார்ப்பட அச்சுக்கும் ஆகும். அதில் இருந்து எடுக்கும் சிர்கோனியம் அணு உலையில் எரிபொருளுக்கு உறையாகிறது. சிர்கான் உருவாகும்போது அடுக்கில் சிர்கோனியத்தின் இடத்தில் யுரேனியம் உட்கார்ந்துகொள்ளும், ஈயத்துக்கு அங்கே இடமில்லை. அதனால் பிற்பாடு உள்ளே காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது என்று வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் கிடைத்த ஒரு சிர்கான் மணிக்கு வயது சுமார் 440 கோடி ஆண்டு. சில்லிமனைட் உலைச் செங்கல்லுக்கு.

எனக்குப் பிடித்தது இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கரிக்கட்டை நிறத்துக் கனிமம். அதில் இருந்து இரும்பை நீக்கினால் கிடைக்கிற டைட்டானியம் டை ஆக்சைடுதான் உலகத்து வெள்ளை. சுவர்ப் பெயின்ட், பற்பசை, மாத்திரையின் மேல்பூச்சு எல்லாம் அது. ஒளியை வைரத்தை விட அதிகமாக வளைப்பதால் மெல்லியதாகப் பூசினாலே அடியில் இருப்பது தெரியாது. அத்தனை வெள்ளையும் இந்தக் கருமணலில் இருந்து வருகிறது என்றால் என் பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள்.

மோனசைட் தேன் நிறத்தில், மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். அரிய மண் தனிமங்களும் தோரியமும் அதில் உண்டு, லேசான கதிரியக்கமும் உண்டு. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், நம் தென்கரையில் இருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்தார். அப்போது காஸ் விளக்கின் மாண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம். பிறகுதான் மணவாளக்குறிச்சி மணலுக்கு மவுசு வந்தது. மோனசைட் இப்போது அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிறது. தனியார் தாது மணல் எடுப்பதைத் தமிழ்நாட்டு அரசு 2013-ல் நிறுத்தியது. கரையில் உட்கார்ந்து கையளவு பார்ப்பது வேறு, சாக்கில் கட்டுவது வேறு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தடவை உவரி போகும்போது ஒரு சிரட்டை கொண்டுபோங்கள். கருமணல் ஒதுங்கிய பட்டையில் இருந்து அரைச் சிரட்டை மணல் அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி வெளிர் மணலை வழிய விடுங்கள். அடியில் நிற்பதைத் தாளில் கொட்டிக் காய விடுங்கள். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை மேலே கொண்டுபோனால் முதலில் துள்ளி ஏறுவது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். சக்தியான காந்தமாக இருந்தால் அடுத்து இல்மனைட் ஏறும், கார்னெட் தயங்கித் தயங்கி வரும், சிர்கான் அசையாது. ஆலைகளிலும் முறை இதுதான்: முதலில் தண்ணீரில் கனம் பார்த்து, பிறகு காந்தத்தில், கடைசியில் மின்சாரத்தில். இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரம் கடத்தும், சிர்கானும் மோனசைட்டும் கடத்தாது.

காந்தத்தை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். பையை உருவினால் மணல் தானாக உதிர்ந்துவிடும். நான் கட்டாமல் கொண்டுபோய், என் காந்தத்துக்கு அன்று முளைத்த கருந்தாடி இன்னும் முழுசாகப் போகவில்லை.